ஒரு சோடிக்கு ஐந்து வீடு: யாழ்ப்பாணத்தில் மனதுருக்கத்தோடு நற்செய்தி சொல்வது எப்படி

கேள்வி: வலிகாமத்தில் எங்களுடையது சிறிய சபை. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊருக்குள் சுவிசேஷ ஊழியம் செய்ய நினைக்கிறோம். போன முறை துண்டுப்பிரசுரம் கொண்டுபோனபோது பலர் படலையைச் சாத்திவிட்டார்கள். “மதம் மாத்த வந்திட்டினம்” என்ற கதையும் பரவிவிட்டது. மனதுருக்கத்தோடும் ஜெபத்தோடும் செய்யவேண்டும் என்று போதகர் சொல்கிறார். நடைமுறையில் அதை எப்படிச் செய்வது?

பதில்:

படலை சாத்தப்பட்டதற்குப் பிரசுரம் காரணமல்ல. பெயர் தெரியாத ஒருவர், சுகமா என்றுகூடக் கேட்காமல், தன்னிடம் இருப்பதை நீட்டினார். மீன் விற்க வருபவர்கூட வீட்டுக்காரியின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

போதகர் சொன்னதன் வேர் மத்தேயு 9:35-38இல் இருக்கிறது. அங்கே காரியங்கள் நடக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். இயேசு பட்டணங்களையும் கிராமங்களையும் சுற்றி நடக்கிறார். ஜனங்களைக் “கண்டபொழுது” மனதுருகுகிறார். அதன் பிறகுதான் “அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்” என்று சொல்லி, வேலையாட்களை அனுப்பும்படி அறுப்பின் எஜமானை வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். நடந்தார், கண்டார், உருகினார், ஜெபிக்கச் சொன்னார். நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம்: முதலில் கூட்டம், பிறகு ஜெபம், நேரம் மிஞ்சினால் மனதுருக்கம். “மனதுருகி” என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “வயிறு பத்தி எரியுது” என்று சொல்வாளே, அந்த இடத்து வேதனை அது. அப்படி ஒன்று சனத்திரளை நினைத்து வராது, ஒரு முகத்தைப் பார்த்தால்தான் வரும்.

இன்னொன்று. “அனுப்பும்படி” என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது பிடித்து வெளியே தள்ளும் வேகமுள்ள சொல். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் அசுத்த ஆவிகளைத் துரத்துவதற்கும் அதே சொல்தான். வேலையாட்களுக்காக வேண்டச் சொல்லப்பட்ட அதே பன்னிருவர்தான் உடனே அனுப்பப்படுகிறார்கள். ஆகவே இந்த ஜெபத்தைச் செய்பவர் போவதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

தொடங்குமுன் ஊரின் ஞாபகத்தையும் அறிந்துகொள்ளுங்கள். “மதம் மாத்த வந்திட்டினம்” என்பது நேற்று முளைத்த பேச்சல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்துக்குப் புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் தேவைப்பட்டது. பட்டியலில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த ஆட்சி போனதும் பழையபடி கோயிலுக்குப் போனார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி அறிவுக்குப் பெரிய தொண்டு செய்தது. ஆனால் ஆங்கிலத்துக்கும் உத்தியோகத்துக்குமாகவே மாணவர் வருகிறார்கள் என்ற கவலை மிஷனுக்குள்ளேயே எழுந்து, 1855இல் அது மூடப்பட்டது. பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாக மதம் மாறுவதை அவர் கண்டித்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளாமல் யாழ்ப்பாணத்தில் யாரும் நற்செய்தி சொல்லப் புறப்படக்கூடாது என்பேன்.

அதே மண்ணில் வேறு விதமாக நடந்தவர்களும் உண்டு. 1687இல் ஒல்லாந்தரின் தடையை மீறி, ஏழைபோல வேடமிட்டு வந்து இறங்கிய ஜோசப் வாஸ் அடிகள் சில்லாலை மக்களோடு தங்கினார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, கிட்டப்போய்ப் பராமரித்தது அவரும் அவருடைய மருமகனும்தான். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழாக்கப்பட்டன. இவர்கள் நம்பிக்கையை மறைத்தவர்கள் அல்லர். ஆனால் கொடுத்த பராமரிப்பை விலையாக வைக்கவில்லை.

இனி உங்கள் பன்னிரண்டு பேருக்கு வருவோம்.

இருவர் இருவராக ஆறு சோடி. ஒரு சோடிக்கு ஐந்து வீடு, அதற்கு மேல் வேண்டாம். மொத்தம் முப்பது வீடு என்றால் ஓர் ஒழுங்கையும் அதன் கிளைகளும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு வீட்டுக்காகப் பதினைந்து நிமிடம் ஜெபியுங்கள். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு அல்லது மூன்று வீட்டுக்குப் போய்வாருங்கள். இரண்டு கிழமையில் ஐந்தும் முடியும். பத்து வீடு எடுத்தால் இரண்டாம் மாதத்தில் பெயர்கள் குழம்பும், மூன்றாம் மாதத்தில் போவது நிற்கும். போவதாகச் சொல்லிப் போகாமல் விட்ட வீடு, ஒருபோதும் போகாத வீட்டைவிடக் கடினமானது.

எந்த ஒழுங்கை என்பதிலும் நேர்மை வேண்டும். சபையில் உள்ளவர்களின் சாதிக்காரர் இருக்கும் பக்கமாகவே கால் போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தேவாலயத்துக்குள்ளும் இந்த நோய் உண்டு. போகும் வீட்டில் தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். “இப்பதான் குடிச்சனாங்கள்” என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னாலும், பரம்பரையாகத் தண்ணீர்ச் செம்பு மறுக்கப்பட்ட வீட்டில் அது வேறு மாதிரித்தான் விழும். சீனி வருத்தம் இருந்தால் “சீனி போடாமல் தாங்கோ அம்மா” என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் பிரசுரம், அழைப்பு, பிரசங்கம் எதுவும் வேண்டாம். அறிமுகம் மட்டும். யார் என்பதை மறைக்கவும் வேண்டாம்: “நாங்கள் இந்தச் சபை ஆக்கள், பக்கத்து ஒழுங்கையில இருக்கிறம், சும்மா பார்த்திட்டுப் போக வந்தனாங்கள்.” கிறிஸ்தவர் என்று தெரியாமல் உள்ளே வந்து ஆறு மாதம் கழித்து வேதாகமத்தை எடுத்தால், அதுவரை காட்டிய அன்பு முழுவதும் தூண்டிலாகிவிடும்.

நேரத்தைப் பார்த்துப் போங்கள். மத்தியானம் சமையலும் உறக்கமும். பின்னேரம் நாலரைக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் எழும்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கோயில் நாள். குருநகர், பாசையூர் போன்ற கரையோரங்களில் மனிதர் கடலுக்குப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் கேட்டுத்தான் நாள் குறிக்கவேண்டும், இரவு முழுக்கத் தொழிலுக்குப் போனவரைக் காலையில் எழுப்பி நலம் விசாரிப்பது நலமல்ல. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயில் வீதிப் பக்கம் பிரசுரத்தோடு நிற்கவே வேண்டாம். நம் பெரிய வெள்ளி ஆராதனை வாசலில் வேறொருவர் வந்து அப்படி நின்றால் எப்படி இருக்கும்?

கொப்பி ஒன்று வையுங்கள். மூன்று நிரல் போதும்: திகதி, அவர்கள் சொன்னது, நாங்கள் செய்வதாகச் சொன்னது. மூன்றாவது நிரல்தான் முக்கியம். “கிளினிக் திகதி மாற்றுவது பற்றிக் கேட்டுச் சொல்கிறோம்” என்று சொல்லியிருந்தால், அடுத்த முறை பதிலோடு போகவேண்டும். ஜெபமும் அந்தக் கொப்பியிலிருந்தே பிறக்கட்டும். “ஆத்துமாக்களைத் தாரும் ஆண்டவரே” என்பது முகமில்லாத ஜெபம். “மூன்றாவது வீட்டு அம்மாவின் கண் சத்திரசிகிச்சை வியாழக்கிழமை, கூடப்போக ஆள் இல்லை” என்பது முகமுள்ள ஜெபம். அப்படி ஜெபிக்கும்போதே, வியாழக்கிழமை யாருக்கு லீவு என்ற கேள்வியும் எழும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நம் ஊரில் பலர் விழுவது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு. “அந்த வீட்டுப் பெட்டைக்காக ஜெபியுங்கோ, விசயம் பிறகு சொல்லுறன்” என்று ஒருவர் சொன்னால், ஜெபம் முடியுமுன் விஷயம் சந்தைக்குப் போய்விடும். ஆகவே, வீட்டுக்காரர் அனுமதித்ததை மட்டும் கூட்டத்தில் சொல்லுங்கள். மிச்சம் அந்தச் சோடியோடு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர், நோய், கடன் எதுவும் போடக்கூடாது. ஒலிவாங்கியில் பெயர் சொல்லி ஜெபிக்கவே கூடாது.

கிழமைக்கு ஒருமுறை கூடுவது ஒரு மணித்தியாலம் என்றால், வாசிப்புக்குப் பத்து நிமிடம், பகிர்வுக்குப் பதினைந்து, மிகுதி ஜெபத்துக்கு. பெரும்பாலும் இது தலைகீழாகி, ஐம்பது நிமிடம் பேசிப் பத்து நிமிடம் ஜெபிப்பார்கள், மணிக்கூட்டை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். இரவு ஜெபம் வைத்தால் ஒலிபெருக்கி வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை அதற்கு அனுமதியும் இல்லை. அயல்வீட்டுப் பிள்ளை சோதனைக்குப் படிக்கும்போது நீங்கள் அவனுக்காகச் சத்தமாக ஜெபிப்பதைவிடச் சத்தம் போடாமல் இருப்பது அவனுக்கு உதவி. உபவாசம் விரும்புகிறவர்களுக்கு மட்டும். இன்சுலின் போடுபவரையும் நீரிழிவு மாத்திரை எடுப்பவரையும் ஒரு நேரச் சாப்பாட்டைக்கூட விடச் சொல்லாதீர்கள். சீனி இறங்கி மயங்கி விழுவது விசுவாசக் குறைவால் அல்ல.

உதவி செய்யும் இடம்தான் மிகவும் வழுக்கும். எரிகோ வழியருகே குருடனிடம் இயேசு கேட்ட கேள்வி, “நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்?” (மாற்கு 10:51). பார்த்தால் தெரிகிற தேவைதான், ஆனாலும் கேட்டார். நாம் கேட்காமலே உலர் உணவுப் பொதி கட்டுகிறோம். தனியே இருக்கும் வயோதிபருக்கு, பிள்ளைகள் கனடாவிலிருந்து காசு அனுப்புகிறார்கள், வேண்டியது அரிசி அல்ல, கிளினிக் வரிசையில் காலை ஆறு மணிக்குக் கொப்பியோடு நிற்க ஓர் ஆள். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முல்லைத்தீவிலிருந்து வந்தவரோடு நிற்பவருக்குக் குளிக்க ஓர் இடமும் ஒரு சுடுதண்ணிப் போத்தலும் பெரிய காரியம். நுண்கடன் கட்டமுடியாத பெண்ணுக்கு நீங்கள் கடன் கொடுத்தால் இன்னொரு கடன்காரர் ஆவீர்கள், அதன்பின் உங்களைக் கண்டால் அவள் ஒளிப்பாள். கொடுத்தால் திருப்பி வாங்காமல் கொடுங்கள். முடியாவிட்டால் அவளோடு கிளை அலுவலகத்துக்குப் போய்த் தவணையை நீட்டுவது பற்றிப் பேச உதவுங்கள்.

மூன்று கட்டுப்பாடு, தளர்த்தக்கூடாதவை. பொதிக்குள் பிரசுரம் வைக்காதீர்கள். உதவி கொண்டுபோன அன்று ஆராதனைக்கு அழைக்காதீர்கள். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். கடைசியை மீறினால் அந்தக் குடும்பத்தின் வறுமை முகநூலில் ஊர் முழுக்கப் பரவும். வெளிநாட்டுக் கொடையாளர் படம் கேட்டால், பற்றுச்சீட்டை அனுப்புங்கள், முகத்தை அனுப்பாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே கேள்விதான்: இந்த வீட்டார் ஒருபோதும் சபைக்கு வரமாட்டார்கள் என்று இன்றே தெரிந்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை போவீர்களா? இல்லை என்றால், இதுவரை செய்தது முதலீடு. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவனே திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

செத்த வீட்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், அங்கேதான் நம்மவர் அதிகம் கெடுக்கிறார்கள். சைவக் குடும்பத்தில் சாவு என்றால் போங்கள். கதிரை அடுக்குங்கள், வருபவருக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கைகொடுங்கள், வாகனம் ஒழுங்குசெய்யுங்கள். வசனம் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் இருந்தார்கள், வாய் திறந்த பிறகுதான் பிழையாகிப்போனது. மச்சம் சேர்ந்த சாப்பாடு கொண்டுபோகாதீர்கள். எட்டுச்செலவுக்கும் கீரிமலைக்கும் சனம் வரும், 31ஆம் நாள் அந்தியேட்டியோடு எல்லோரும் போய்விடுவார்கள். உண்மையான வெறுமை 32ஆம் நாள் தொடங்கும். உங்கள் கொப்பியில் குறிக்கவேண்டிய திகதி அது. அதன் பிறகு வாரம் ஒருமுறை, அரை மணித்தியாலம், மூன்று மாதம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஊரார் அந்தப் பெயரைத் தவிர்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் இன்னும் கவனம் தேவை. கணவனைத் தேடும் பெண்ணின் நெற்றியில் இருக்கும் பொட்டு “அவர் இருக்கிறார்” என்ற வாக்குமூலம். அதை மத அடையாளமாகப் பார்த்து ஒரு சொல் சொன்னாலும் அந்தப் படலை திரும்பத் திறக்காது, திறக்கவும் கூடாது. “கடவுளின் சித்தம்”, “பாவத்தின் விளைவு” என்ற சொற்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொன்ன பதில் யோவான் 9:3இல் இருக்கிறது.

இனிப் பேசுவது. எப்போது? கேட்கும்போது. 1 பேதுரு 3:15 “விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” உத்தரவு சொல்லத்தான் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. “ஏன் தம்பி நீங்கள் இப்பிடி வாறியள்?” என்ற கேள்வி, ஒழுங்காகப் போய்வந்தால் வரும். அப்போது மழுப்பக்கூடாது. “எங்களை இயேசு தேடி வந்தவர் எண்டு நம்புறம், அதாலதான்” என்று சொல்லி நிறுத்துங்கள். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். தெல்லிப்பழையில் பிறந்து உலகத் திருச்சபையில் பெயர்பெற்ற டி.டி. நைல்ஸ் சொன்ன உவமை இங்கே பொருந்தும்: சுவிசேஷம் சொல்வது, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்வது. கொடுக்கிற பிரபுவின் குரல் அதில் இல்லை.

சபைச் சொற்கள் வெளியே வேறு பொருள் தரும். “மறுபடியும் பிறக்கவேண்டும்” என்றால் சைவருக்கு மறுபிறவி ஞாபகம் வரும், பிறவாமை வேண்டும் என்று கேட்கிற மனிதரிடம் போய்ப் பிறக்கவேண்டும் என்கிறீர்கள். “பாவம்” என்றால் பாதி இடத்தில் இரக்கம், பாதி இடத்தில் முன்வினை. “பலி” என்றால் வேள்விக் கடா. “கிருபை” விளங்காத இடத்தில் “அருள்” உடனே விளங்கும். ஆகவே கோட்பாட்டைவிடக் கதை நல்லது: நாயீன் ஊர் விதவை (லூக்கா 7), கெட்ட குமாரன் (லூக்கா 15), நல்ல சமாரியன் (லூக்கா 10). மூன்றிலும் மனதுருக்கம்தான் அச்சாணி. இந்த மூன்றையும் தாளைப் பார்க்காமல், வீட்டுத் தமிழில், ஒவ்வொன்றும் நாலு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். வாசிக்கக் கேட்பவருக்கு முழு வேதாகமத்தைக் கொடுத்து ஆதியாகமத்தில் மாட்டிவிடாமல், லூக்கா சுவிசேஷம் மட்டும் உள்ள சிறு நூலைக் கொடுங்கள். சுவாமி அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

வீட்டில் ஜெபிக்குமுன் “உங்களுக்காக ஜெபிக்கலாமா?” என்று கேளுங்கள். “வேண்டாம்” என்றால் சிரித்த முகத்தோடு விடுங்கள், வழியில் நடந்துகொண்டே ஜெபிக்கலாம். சம்மதித்தால் இரண்டு நிமிடம், பேசும் குரலில், அவர்கள் சொன்ன தேவையை மட்டும். தலையில் கைவைப்பது, எண்ணெய் பூசுவது, பேய் விரட்டுவது இவை ஒன்றும் அங்கே வேண்டாம். ஜெபித்தோம், மருந்தை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அன்றே அவரைச் சந்திப்பிலிருந்து விலக்குங்கள். வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரை இரண்டையும் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தற்கொலைப் பேச்சு வந்தால் ஜெபத்தோடு முடிக்காமல், தனியே விடாமல், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ தொடர்புபடுத்துங்கள். பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் 1929. இதில் இரகசியம் காக்கும் வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குச் சோடியில் ஒரு பெண்ணாவது இல்லாமல் போகவேண்டாம், முடிந்தால் விறாந்தையிலேயே இருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு பெற்றோர் அறியாமல் மதம் பேசக்கூடாது.

சட்டத்தைச் சுருக்கமாக: அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) வழிபாடு, அனுசரிப்பு, சாதனை, போதனை மூலம் அதை வெளிப்படுத்த இடம் தருகிறது. ஆனால் மதத்தைப் பரப்புவது தனியான அடிப்படை உரிமையல்ல என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்றம் 2003இல் எடுத்தது. பொருளுதவியையும் மதமாற்றத்தையும் சேர்ப்பது நெறியில் மட்டுமல்ல, சட்டத்தின் முன்னும் உங்களைப் பலவீனப்படுத்தும். கிராம சேவகருக்கு நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும்.

ஒருவர் தாமாக இயேசுவைப் பின்பற்ற விரும்பினால் அவசரப்படாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு ஆறு மாதமாவது பொறுப்பது நல்லது என்பது என் கணிப்பு. அதற்குள் அவர் வீட்டாரோடு தாமே பேசவேண்டும். மூத்த மகனானால் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வி நிச்சயம் எழும், அது சுடலையில் வெடிக்காமல் முன்பே விறாந்தையில் பேசப்படட்டும். “உன் தாய் தகப்பனைக் கனம்பண்ணு” என்பது ஞானஸ்நானத்தோடு முடிந்துபோகும் கட்டளையல்ல.

களைப்பும் வரும். நாலைந்து மாதத்தில், மற்றவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு ஒன்றும் உறைக்காத நிலை வந்தால், அது பெரும்பாலும் தூக்கக் குறைவு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை சந்திப்பு வேண்டாம். “சற்றே இளைப்பாறும்படி” மாற்கு 6:31இல் சீஷர்களை அழைத்ததும் இயேசுவே.

வருட முடிவில் போதகர் “எத்தனை பேர் வந்தார்கள்?” என்று கேட்பார். கொப்பியைத் திறந்து மூன்றாவது நிரலைக் காட்டுங்கள்: சொன்னவை எத்தனை, செய்தவை எத்தனை. விடுபட்டவற்றோடு அடுத்த வருடத்துச் சந்திப்பைத் தொடங்குங்கள், அதே ஐந்து வீட்டில்.